பினாயில் வாசம் போன வீடு

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகும் நான் போனுக்குப் பக்கத்து ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. மருமகள் வித்யா முழுகாமல் இருக்கிறாள் என்று நீ சொன்னதை உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, எதற்கென்று சொல்லாமலே கடைத்தெருவுக்குப் போய் ஒரு கிலோ ஜிலேபி வாங்கி வந்தார். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒரு கிலோ ஜிலேபியை என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மெஹருன்னிசாவுக்குப் பாதி கொடுத்தேன். அவளுக்கு இந்தச் செய்தியை முதலில் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதையும் இந்தக் கடிதத்தில் சொல்கிறேன்.

மசக்கையில் வித்யாவுக்குத் தரை துடைக்கும் பினாயில் வாசம் பட்டாலே குடலைப் புரட்டுகிறது, பாத்ரூமில் ஆசிட் போட்டால் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்றாய். "நம்ம ஊட்ல தொடைக்கற பூந்திக்கொட்டைப் பொட்டலத்துல கொஞ்சம் அனுப்பி வெக்கிறீங்களாம்மா?" என்று கேட்டாய். பிறகு நீயே சிரித்துக்கொண்டு, "பினாயில் கம்பெனி வெச்சிருந்த ஊடு நம்முளுது. எப்படிங்ம்மா இதுக்கு மாறுனோம்? நான் கேட்டதே இல்ல பாருங்க" என்றாய். எஸ்.டி.டி. மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. ஆண்டு மாறும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பிப் போகாமல் பார்த்துக்கொள்கிற வேலை என்று நீயும் ராத்திரி பகலாக ஓடுகிறாய். அதனால் எழுதுகிறேன். பெங்களூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாவகாசமாக வித்யாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

உன் அப்பா வேலை பார்த்த நூல் மில்லை மூடியபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். ஃபிட்டர் வேலையைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர். சிறுதொழில் பயிற்சி ஒன்றுக்குப் போய் பினாயில் செய்யக் கற்றுக்கொண்டு வந்து, கோயமுத்தூர் கணபதியில் நம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டார். பைன் ஆயிலும் தண்ணீரும் சேர்ந்து பால் மாதிரி வெளுக்கும்போது அவர் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள். கல்யாணமான பிறகு அந்தப் படிப்பை யாரும் கேட்கவில்லை. உன் அப்பாதான் முதல் முறையாகக் கேட்டார். "ஏம்மிணி, இது ஏன் திரிஞ்சு போகுது?" என்று கலவையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வருவார். நான் காரணம் சொல்வேன். வெளியாட்களிடம் என்னை "எங்கூட்டுக் கெமிஸ்ட்டு" என்றுதான் அறிமுகப்படுத்துவார். வெள்ளைப் பினாயில், கருப்புப் பினாயில், பாத்ரூமுக்கு ஆசிட் என்று மொபெட்டின் இரண்டு பக்கமும் கேன்களைக் கட்டிக்கொண்டு கல்யாண மண்டபம், நர்சிங் ஹோம், ஹோட்டல் என்று சுற்றுவார். ஆட்டோக்காரர்களுக்கு நம் வீடு பினாயில்காரர் வீடு. உன் பள்ளிச் சட்டையில்கூட அந்த வாசம் இருக்கும். உன் நண்பர்கள் கேலி செய்தபோது நீ அழுதிருக்கிறாய். எனக்கு அந்த வாசம் பிடித்திருந்தது. அடுப்பு எரிகிறது, வீட்டில் வேலை நடக்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருந்தது.

நீ திருச்சியில் ஹாஸ்டலுக்குப் போன பிறகு நடந்தது இது. உன் பரீட்சை நேரம். சென்னிமலையிலிருந்து உன் மாமாவும் அத்தையும் வருவதாக இருந்தது. நம் வீட்டு பாத்ரூம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க மட்டும்தான் ஆகும், மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர். அந்த உப்புத்தண்ணீர் பட்டு வாளி, குழாய், டைல்ஸ் எல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் படிந்துவிடும். கோயமுத்தூரில் ஆசிட் இப்படி விற்பதற்கே அந்த உப்புக்கறைதான் காரணம். விருந்தாளி வருகிறார்களே என்று உன் அப்பா காலையில் பாசி போவதற்காக பாத்ரூம் மூலையிலெல்லாம் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு டெலிவரிக்குக் கிளம்பிப் போய்விட்டார். வந்து கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது, வீடு முழுக்க இருந்த பினாயில் வாசத்தில் பவுடர் வாடையும் தெரியவில்லை. தரை ஈரமாக, சுவரெல்லாம் வெள்ளையாக இருந்தது. உப்புக்கறை என்று நினைத்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசலுக்குத் தண்ணீர் தெறிக்கக் கூடாதென்று கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டு, ஆசிட்டை ஊற்றினேன்.

கல்லூரி லேபில் படித்த பாடம்தான். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வரும். மஞ்சளும் பச்சையும் கலந்த புகை தரையிலிருந்து எழும்பியபோது அந்தப் பாடம் எனக்கு ஞாபகம் வந்தது, ஆனால் அதற்குள் மூச்சு இழுத்துவிட்டேன். நெஞ்சுக்குள் யாரோ மிளகாயை அரைத்துப் பூசியதுபோல இருந்தது. கண் தெரியவில்லை. தாழ்ப்பாளைக் கை தேடியது, கிடைக்கவில்லை. கத்த முயன்றால் இருமல்தான் வந்தது. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த மெஹருன்னிசா அந்த இருமலைக் கேட்டிருக்கிறாள். "அக்கா, அக்கா, என்னாச்சுங்க்கா?" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்து, கதவை வெளியிலிருந்து தோளால் இடித்துத் திறந்தாள். தலையில் போட்டிருந்த துப்பட்டாவை மூக்கில் பொத்திக்கொண்டு உள்ளே வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்து வாசல் வரை இழுத்துக்கொண்டு போனாள். அவள் எவ்வளவு மெலிந்த பெண் என்று உனக்குத் தெரியும். அந்த பலம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து வந்தார். செய்தி கேட்டு உன் அப்பா நர்சிங் ஹோமுக்கு வந்தபோது என் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் பவுடர் போட்டத உன்றகிட்டச் சொல்லாமப் போயிட்டேன்" என்றார். "நானும் கேக்காம ஊத்திப்போட்டேனுங்க" என்று எழுதிக் காட்டினேன். பேச முடியவில்லை. அதற்குப் பிறகு யார் தப்பு என்று நாங்கள் பேசியதே இல்லை.

உனக்குச் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும் என்று நினைத்தோம், முடிந்த பிறகு பயமுறுத்துவானேன் என்று நினைத்தோம். நீ போன் செய்தபோது என் குரல் கம்மியிருந்ததற்குச் சளி என்றார் உன் அப்பா.

உயிருக்கு ஆபத்து இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் வீட்டுக்கு அனுப்பும் முன் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். "உங்க மூச்சுக்குழாய் உள்ள வெந்து போயிருக்குங்க. ஆறிடும், ஆனா நாளாகும். இனிமே காரமான எந்த வாசம் பட்டாலும் அது சுருங்கிக்கும். பினாயில், ஆசிட், கொசுவத்தி, எதுவும் பக்கத்துல கூடாது. ஊட்ல இதெல்லாம் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "நாங்க அதத்தானுங்க செய்யறோம்" என்றார். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டார்.

கேட்டைத் திறந்து உள்ளே வந்ததுமே எனக்கு இழுப்பு வந்துவிட்டது. இத்தனை வருடம் என்னுடையதாக இருந்த வாசம், நான் உள்ளே வரக்கூடாதென்று துரத்தியது. மெஹருன்னிசா வீட்டில்தான் அன்று தங்கினேன். மறுநாள் காலையில் உன் அப்பா அங்கே வந்து, வாசலில் நின்றபடியே, "கம்பெனிய மூடிப்போடலாம் அம்மிணி" என்றார். "மூடிப்போட்டு பையன் ஃபீஸுக்கு என்ன பண்றதுங்க?" என்றேன். கடைசியில் சரவணம்பட்டியில் சோளக்காட்டு ஓரமாக ஒரு பழைய கோழிப்பண்ணைக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, டிரம், கேன், ஆசிட் ஜாடி எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். இப்போது அங்கே கல்லூரிகளும் கட்டடங்களும் வருகின்றன. அப்போது சாயங்காலமானால் மயில்தான் கத்தும். வேலை முடிந்ததும் அங்கேயே கிணற்றுத் தண்ணீரில் குளித்து, வேறு சட்டை வேட்டி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். அப்படியும் கேட்டுக்கு வெளியே நின்று, "அம்மிணி, உள்ள வரட்டுமா?" என்று கேட்பார். தன் சொந்த வீட்டுக்குள் நுழைய அந்த மனிதர் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் தெருவில் சிலர் சிரித்தார்கள். சில நாள் நான் வேண்டாமென்று கையசைப்பேன். மறுபடி மெஹருன்னிசா வீட்டுக் குழாயில் கை கால் முகம் கழுவிக்கொண்டு வருவார். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. கண்ணு, வித்யாவுக்கு வாசம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீ போனில் சொன்னபோது உன் குரலில் கொஞ்சம் அலுப்பு இருந்தது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தீபாவளிக்கு நீ வந்தபோது கொட்டகை காலியாக இருப்பதைப் பார்த்து ஏனென்று கேட்டாய். இடம் பத்தவில்லை என்றோம். நீயும் நம்பினாய்.

வீடு இருந்தால் அழுக்கும் இருக்கும். முதலில் வெந்நீரில் உப்புப் போட்டுத் துடைத்தேன், எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது. ஒருநாள் என் பட்டுப்புடவையை அலசப் பூந்திக்கொட்டையை ஊறவைத்தேன். அலசி முடித்த பிறகு நுரை மிச்சமிருந்தது. கொட்ட மனமில்லாமல் அதையே சமையலறைத் தரையில் ஊற்றித் துடைத்தேன். பிசுக்கு வந்துவிட்டது. நெஞ்சு சும்மா இருந்தது. அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நன்றாக இரண்டு மூச்சு இழுத்துப் பார்த்தேன். ஆர்.எஸ்.புரத்து நகைக்கடைகளில் தங்கத்தைக் கழுவுகிற சரக்கு, நம் வீட்டுத் தரைக்கு ஆகாதா என்று தோன்றியது. அன்றைக்குத்தான் நான் மறுபடி கெமிஸ்ட்ரி மாணவியானேன்.

எல்லாம் ஒழுங்காக வந்தது என்று நினைத்துவிடாதே. பூந்திக்கொட்டைச் சாறு கெட்டியாக இருந்தால் தரை பிசுபிசுத்தது. வெள்ளை டைல்ஸில் ஊற்றி அப்படியே விட்டால் பழுப்பாகக் கறை பிடித்தது. உப்புக்கறைக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். சுண்ணாம்பைக் கரைக்க ஏதாவது ஒரு புளிப்பு போதும், அது புகை விடுகிற புளிப்பாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், வாங்கி வெந்நீரில் கரைத்துக் குழாயில் துணி சுற்றி ஊறவைத்தேன். வெள்ளைப் படிவம் இளகி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அதையே கூடத்து மொசைக் தரையிலும் போட்டேன். மொசைக்கில் இருப்பதும் சுண்ணாம்புக் கல் என்பதை மறந்துபோனேன். பூஜை அறை வாசலில் ஓரிடம் மங்கலாக இருக்கிறதே, எவ்வளவு துடைத்தாலும் பளபளப்பு வராதே, அது என் ஆராய்ச்சியின் பலன். ஒரு பத்திரிகைக் குறிப்பில் வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலக்கச் சொல்லியிருந்தார்கள். கலந்தால் பொங்குவது வேடிக்கையாக இருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு வெறும் உப்புத்தண்ணீர்தான் மிஞ்சும். வித்யா அப்படிச் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சிங்க்குக்குச் சோடா தனியாக, குழாய்க்கு வினிகர் தனியாக.

உன் அப்பாவுக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. "சுத்தமாத்தான் இருக்குது. ஆனா தொடச்ச மாதிரியே தெரியலியே" என்பார். வாசம் வந்தால்தான் துடைத்ததாகக் கணக்கு அவருக்கு. அவருடைய வாடிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். வாசமில்லாத ஒன்றை எப்படி விற்பது என்று கேட்டார். நானும் விற்பதைப் பற்றி நினைக்கவில்லை. நான் மூச்சுவிட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆர்.எஸ்.புரத்தில் சாவித்திரி அம்மா என்று ஒருவர் தன் பெரிய வீட்டின் முன்பகுதியில் சின்னக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். மில் முதலாளிக் குடும்பத்துப் பெண்மணி, வீட்டுக்குள் தெலுங்கில் பேசுவார்கள். அங்கே அப்பா மாதாமாதம் பினாயில் கொடுப்பார். ஒருநாள் அங்கிருந்து வந்து, கேட்டுக்கு வெளியே நின்றபடியே பேச ஆரம்பித்துவிட்டார். "அந்தம்மா கொழந்தைகளையெல்லாம் வேப்ப மரத்தடியில உக்கார வெச்சுட்டுத்தான் உள்ள தொடைக்கச் சொல்றாங்க அம்மிணி. காயற வரைக்கும் ஒண்ணையும் உள்ள உடறதில்ல. ஏனுங்கம்மான்னு கேட்டேன். 'உங்க பினாயில் நல்லாத்தானுங்க இருக்குது, ஆனா இதுக தரையிலயே பொரண்டு அந்தக் கையையே வாயில வெக்குதுக'ங்கறாங்க. நான் இத்தன வருசமா விக்கறேன், அத யோசிச்சதே இல்ல பாரு." பிறகு, "உன்ற தண்ணியில ஒரு கேன் குடு, நாளைக்கிக் குடுத்துப் பாக்கறேன்" என்றார்.

சாவித்திரி அம்மா கேனைத் திறந்து மோந்து பார்த்து, "வாசமே இல்லீங்களே" என்றாராம். "அதுதானுங்க இதுல விசேசம்" என்றாராம் உன் அப்பா. அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. அடுத்த வாரம் அந்தம்மா தானாகவே கேட்டு வாங்கினார். அவர் சொல்லி இன்னும் இரண்டு பள்ளிகள், பேரன் பேத்தி இருக்கும் சில வீடுகள் வந்தன. உன் அப்பாவுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. நான் வேண்டாம், பொறுங்கள் என்று சொல்லச் சொல்ல, ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பெரிய அளவில் ஒப்புக்கொண்டார். கோடைகாலம். பூந்திக்கொட்டைச் சாறு இரண்டொரு நாளிலேயே புளித்துவிடும், சமையல் பண்டம் மாதிரிதான் அதுவும். சின்னக் கேன்களில் உடனுக்குடன் தீர்ந்ததால் அது தெரியவில்லை. மண்டபத்தில் அதை முன்னதாகவே வாங்கி வைத்துவிட்டு முகூர்த்தத்துக்கு முன் பந்தி ஹாலைத் துடைத்திருக்கிறார்கள். ஹால் முழுக்கப் புளித்த நாற்றம். சாம்பார் ஊசிப்போய்விட்டதென்று சமையல்காரர்களைச் சத்தம் போட்டிருக்கிறார் பெண்ணின் அப்பா. அந்த மண்டபத்தின் மேனேஜர் உன் அப்பாவைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டு, இனி பினாயில்கூட உங்களிடம் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பேச்சு பரவி இன்னும் இரண்டு மண்டபங்கள் நின்றுபோயின. அவை நம் பெரிய வாடிக்கைகள்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். எனக்கும் மனது விட்டுப்போயிற்று. நான் கேட்டேன்: "நம்ம உட்டுப்போடலாமுங்களா? எனக்கு மட்டும் செஞ்சுக்கறேன்." அவர் திரும்பிப் படுத்து, "அந்தக் கொழந்தைகளுக்கு என்ன பதில் சொல்றது?" என்றார். நான் நர்சிங் ஹோமிலிருந்து வந்த பிறகு எனக்கு முழுசாகத் தைரியம் வந்தது அப்போதுதான்.

புளிப்பது தண்ணீர் சேர்வதால்தான். தண்ணீர் இல்லாமலே கொடுத்தால் என்ன என்று யோசித்தோம். உன் அப்பா பழைய மிளகாய்த்தூள் மெஷின் ஒன்றை வாங்கிக் கழற்றிப் பூட்டி, பூந்திக்கொட்டையைப் பொடியாக்கினார். பொடி பறந்தால் அடங்காத தும்மல். பக்கத்துச் சோளக்காட்டுக்காரர்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து சண்டை போட்டார். அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியதில் ஒரு சிட்டிகை காற்றில் பட்டதற்கே எனக்கு மூன்று நாள் இழுப்பு. மரத்தில் காய்த்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் நெஞ்சுக்கு நல்லதாகிவிடாது என்று அப்போது தெரிந்துகொண்டேன். இதை வித்யாவிடம் சொல். கற்பூரம், தைல எண்ணெய் எல்லாம் இயற்கைதான் என்று தண்ணீரில் கலந்து துடைக்க யாராவது சொல்வார்கள். பிறக்கப்போகும் குழந்தைக்கு அந்த வாசமும் அதிகம். வாசமே வேண்டாம்.

மெஷின் செலவு வீணானதென்று இருவரும் உட்கார்ந்திருந்த சமயத்தில்தான் சென்னிமலையிலிருந்து உன் மாமா வந்தார். தறியில் பெட்ஷீட் நெய்து முடித்தால் ஓரத்தில் துண்டுத் துணி மிஞ்சும். பாத்திரம் துடைக்க ஆகும் என்று எனக்கு ஒரு மூட்டை கொண்டுவந்திருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொட்டை நீக்கிய தோலை முழுசாகவே அந்தத் துணியில் சின்னப் பொட்டலமாகக் கட்டி வெந்நீரில் போட்டுப் பிசைந்தேன். நுரை வந்தது. தூசி இல்லை, புளிக்கவில்லை, அடுத்த நாளும் அதே பொட்டலம் நுரைத்தது. பொடி செய்ய வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை. உன் அப்பா மெஷின் செலவு எழுதிய நோட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் மாமா, "மாப்ள, மொளகாயாவது அரைக்கலாமுங்களே" என்றார். அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். எனக்கு இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீயே பார்த்தாய். மெஹருன்னிசா தைத்துக் கொடுக்கத் தொடங்கினாள், இப்போது அவளும் அவள் தங்கையும் நம் தொழிலில் பங்குதாரர்கள். பினாயிலை அப்பா ஒரே நாளில் நிறுத்தவில்லை. உன் படிப்பு முடிகிற வரை இரண்டும் ஓடின. நர்சிங் ஹோம்களுக்கு இந்தப் பொட்டலம் போதாது, அவர்களுக்கு வேண்டியது கிருமி சாகிற மருந்து. அந்த வியாபாரத்தை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, உனக்கு வேலை கிடைத்த மாதம் கடைசி ஆசிட் ஜாடியைத் திருப்பிக் கொடுத்தார். மண்டபங்கள் திரும்பி வரவேயில்லை. முன்பு இருந்த வருமானம் இன்னும் வரவில்லை. ஆனால் குழந்தைகள் இருக்கும் இடமாகப் பார்த்து நம் பொட்டலம் போகிறது.

உன் வீட்டுக்கு இவ்வளவுதான். ஒரு பொட்டலத்தை வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்தால் அன்றைய தரைக்கு ஆகும். அந்தத் தண்ணீரை மறுநாளைக்கு வைக்காதே, கண்ணில் படாமல் பார்த்துக்கொள், எரியும். உங்கள் வீட்டில் மொசைக்கா டைல்ஸா என்று பார்த்துவிட்டு எலுமிச்சை உப்பை எடு. யாருக்காவது வாந்தி பேதி என்றால் அப்போது பிளீச்சிங் வேண்டியதுதான், தனியாக, நிறையத் தண்ணீரில், கதவு ஜன்னலைத் திறந்து வைத்து. எதை எங்கே போட்டோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுப் போங்கள். வித்யா இந்த மாதங்களில் குனிந்து துடைக்க வேண்டாம், நீயே துடை. உன் அப்பாவுக்குக் கைவந்த வேலை உனக்கும் வரும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை சென்னிமலைக்குப் போயிருந்தோம். மேலே பஸ் போகிறது, அதிலேயே போகலாம் என்றார் உன் அப்பா. படியேறிப் பார்க்கிறேன் என்றேன். அவர் பாக்கெட்டில் என் இன்ஹேலரை வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு கூடவே ஏறினார். அங்கங்கே நின்று நின்று ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது வேர்த்திருந்தது, ஆனால் இழுப்பு இல்லை. நல்ல காற்று. கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது, எந்தத் தெருவில் உன் மாமா வீடு என்று தேடிக்கொண்டிருந்தேன். "மூச்சு எப்படி இருக்குது அம்மிணி?" என்றார். "நல்லா இருக்குதுங்க" என்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாமி கும்பிட்டுவிட்டு இறங்கும்போது கையை நீட்டி, "புடிச்சுக்க" என்றார். "எனக்கு ஒண்ணுமில்லீங்களே, நான் எறங்கிருவேன்" என்றேன். "எனக்கு முட்டி வலிக்குது" என்றார். கையைப் பிடித்துக்கொண்டேன். மெதுவாக இறங்கி வந்தோம்.

இப்படிக்கு,
உன் அம்மா